போதகர் வராத ஞாயிறுகளில் வேதத்தை யார் வாசிப்பது, எப்படி விளக்குவது?

கடுகுவிதை – திங்கள் இரவு

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை மிகச் சிறியது. ஞாயிறு ஆராதனைக்கு 20 பேர் வருவோம், நல்ல நாளில் 25. போதகர் ஐயா பொறுப்பில் இன்னும் சில சபைகள் இருப்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களிடம் வருவார். அன்று திருவிருந்து உண்டு. மற்ற ஞாயிறுகளில் மூப்பர் இரண்டு பேரும் நானும் மாறி மாறி ஆராதனை நடத்துகிறோம்.

போன மாதம் என் முறை. மத்தேயு 18:20-ஐ எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆலயச் சுவரில் பலிபீடத்துக்கு மேலே எழுதியிருக்கும் வசனமும் அதுதான். "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்." மூன்று நாள் உட்கார்ந்து 11 பக்கம் எழுதினேன். 40 நிமிடம் பேசினேன். நாம் கொஞ்சப் பேர்தான், ஆனாலும் ஆண்டவர் நம் நடுவில் இருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முடிந்து வெளியே வரும்போது, முன்வரிசையில் எப்போதும் உட்காரும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பேசினே தம்பி. ஆமா, அந்த வசனத்துக்கு முன்னாடி என்ன வருது?" என்று கேட்டார். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. வேதத்தை அவர் காதால் கேட்பதோடு சரி. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு வசனத்தைத்தான் நான் வாசித்திருந்தேன், சபைக்கும் அதை மட்டும்தான் வாசித்துக் காட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து மனம் அமைதியாக இல்லை. போதகர் அல்லாதவர்கள் இதைச் செய்யலாமா, செய்தால் எப்படிச் செய்வது? பகுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு நேரம் பேசுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஐந்தப்பம் – திங்கள் இரவு

சகோதரரே, உங்கள் பாரம் புரிகிறது. எங்கள் சபையிலும் ஒரு வருடம் போதகர் இல்லாமல் இருந்தோம். அப்போது நல்ல போதகர்களின் பதிவு செய்த பிரசங்கங்களைத் திரையில் போட்டுக் கேட்டோம். வேதம் முறையாகப் படித்தவர்கள், கிரேக்கம் எபிரெயம் தெரிந்தவர்கள். நாமாக எதையாவது சொல்லி ஜனங்களைத் தப்பான பக்கம் கொண்டுபோவதைவிட அது பாதுகாப்பு. உபதேசிக்கிறவர்கள் அதிக ஆக்கினை அடைவார்கள் என்று யாக்கோபு 3:1 எச்சரிப்பதை மறந்துவிடக் கூடாது. நான் இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.


ஓய்வுபெற்ற உபதேசியார் – செவ்வாய் காலை

தம்பி கடுகுவிதை, அந்தப் பாட்டிக்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை உங்களிடம் கேட்க ஒருவர் இருக்கிறார் என்றால் உங்கள் சபை உயிரோடு இருக்கிறது.

நான் 34 வருடம் உபதேசியாராக இருந்தேன். போதகர் இல்லாத ஞாயிறுதான் எனக்கு வழக்கமான ஞாயிறு. அந்த வருடங்கள் முழுக்க என்னைத் தாங்கிய வசனம் 1 தீமோத்தேயு 4:13. "நான் வருமளவும் வாசிக்கிறதிலும் புத்திசொல்லுகிறதிலும் உபதேசிக்கிறதிலும் ஜாக்கிரதையாயிரு." முதல் இரண்டு வார்த்தையைப் பாருங்கள். 'நான் வருமளவும்.' பவுல் அங்கே இல்லை. வருவதாக இருக்கிறார், இன்னும் வரவில்லை. உங்கள் மூன்று ஞாயிறுகளும் அப்படிப்பட்டவைதானே? அப்படிப்பட்ட நாளில் என்ன செய்வது என்று மூன்று காரியம் சொல்கிறார். அதில் முதலாவது வாசிப்பு. வீட்டில் தனியாக உட்கார்ந்து படிப்பதைச் சொல்லவில்லை. மூலத்தில் உள்ள சொல் சபை நடுவில் உரக்க வாசிப்பதற்கு வழங்கிய சொல். அன்று ஒவ்வொருவர் கையிலும் புத்தகம் கிடையாது. ஒருவர் வாசித்தால்தான் மற்றவர்களுக்கு வேதம்.

நம்மில் பலர் வாசிப்பைப் பிரசங்கத்துக்கு முன்னால் வரும் ஒரு சடங்குபோல நடத்துகிறோம். யாராவது ஒரு வாலிபனைக் கடைசி நிமிடத்தில் கூப்பிட்டு, "தம்பி, இதை வாசி" என்கிறோம். அவன் பெயர்ச்சொற்களில் தடுமாறி, வசன எண்களையும் சேர்த்து வாசித்துவிட்டு உட்காருகிறான். பிறகு நாம் 40 நிமிடம் பேசுகிறோம். தேவனுடைய வார்த்தைக்கு 2 நிமிடம், நம் வார்த்தைக்கு 40.

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் ஜனங்கள் கூடியிருக்கிறார்கள். எஸ்றா மரத்தால் செய்த பிரசங்கபீடத்தின்மேல் நிற்கிறார். வலப்பக்கம் 6 பேர், இடப்பக்கம் 7 பேர். காலை தொடங்கி மத்தியானம் வரைக்கும் வாசிக்கிறார். ஆணும் பெண்ணும், கேட்டு அறியத்தக்க எல்லாரும் கவனிக்கிறார்கள். 8-ஆம் வசனம் அந்த நாளின் முறையை அப்படியே சொல்கிறது: "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." தீர்க்கமாக வாசிக்கிறதுக்குப் பிறகுதான் அர்த்தம். அடுத்த வசனத்திலேயே ஜனங்கள் அழுகிறார்கள். நியாயப்பிரமாணத்தின் வார்த்தைகளைக் கேட்டபோது அழுதார்கள் என்று இருக்கிறது.

சகோதரர் ஐந்தப்பத்துக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது. எனக்கும் அந்தப் பயம் கடைசிவரை இருந்தது. ஆனால் திரையில் இருக்கிறவருக்கு அந்தப் பாட்டியைத் தெரியாது. பாட்டி அவர் கையைப் பிடித்துக் கேள்வி கேட்கவும் முடியாது.


வாசகி – செவ்வாய் மதியம்

உபதேசியார் ஐயா சொன்னதைத் தொடர்ந்து, வாசிப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல வருடமாக எங்கள் சபையில் வேதபாடம் வாசிப்பது என் ஊழியம்.

முதலில் வெளிப்படுத்தின விசேஷம் 1:3. "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்" என்று வருகிறது. வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். தமிழிலேயே அந்த ஒருமையும் பன்மையும் தெளிவாக நிற்கிறது. அந்த ஒருவனுக்கும் அங்கே பாக்கியம் சொல்லியிருக்கிறது. அதனால் இதைச் சின்ன வேலை என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது நம் பழைய தமிழ் வேதாகமத்தின் அமைப்பு. யாராவது பேசும் இடத்தில் ஒரு முக்கால் புள்ளி வரும், பேச்சு முடிந்த பிறகு 'என்றார்' வரும். கண்ணால் படிக்கிறவருக்கு அந்தப் புள்ளி தெரிகிறது. காதால் கேட்கிறவருக்குத் தெரியாது. பேச்சு எங்கே தொடங்கியது என்பதை வாசிக்கிறவரின் குரல்தான் காட்ட வேண்டும். அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டு, குரலைக் கொஞ்சம் மாற்றினால் போதும். நடிக்கத் தேவையில்லை.

லூக்கா 18-இல் பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபம்பண்ணுகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசேயனின் ஜெபத்தை நாம் எல்லாரும் ஆணவமாக, சத்தமாக வாசித்துப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டில் பழகும்போது அந்த வாக்கியத்தின் முடிவு கண்ணில் பட்டது: "என்று, தனக்குள்ளே ஜெபம்பண்ணினான்." தனக்குள்ளே! அவன் கத்தவில்லை. பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்டிருக்காது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், அவன் எப்படி ஜெபித்தான் என்பது நாம் சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் தெரிகிறது. அந்த ஞாயிறு நான் அதை மெதுவான, பக்தியான குரலில் வாசித்தேன். "வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்" என்பதை உண்மையாக நன்றி சொல்கிறவரின் குரலில் வாசித்தேன். ஆராதனை முடிந்து ஒரு மாமா வந்து, "எத்தனையோ தடவை கேட்ட பகுதிதான். இன்றைக்கு அது என் குரல் மாதிரி இருந்தது" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செய்முறையாக: பகுதியைச் செவ்வாய்க்கிழமையே வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள். பெயர்களைத் தனியாகப் பழகுங்கள். வசன எண்களை வாசிக்காதீர்கள். அவை 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில்தான் இன்றைய வடிவில் வந்தன, பவுல் எழுதியபோது இல்லை. எண்ணுக்கு எண் நிறுத்தினால் வாக்கியம் உடைந்துவிடும். முடித்ததும் உடனே உட்காராமல், மனதுக்குள் ஐந்து எண்ணும் நேரம் அப்படியே நில்லுங்கள்.


கடுகுவிதை – செவ்வாய் இரவு

அக்கா, இந்தப் பரிசேயன் விஷயம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. இன்றைக்கே வீட்டில் வாசித்துப் பார்த்தேன்.

ஒரு கேள்வி. எங்கள் ஞாயிறு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, "அண்ணா, தாழ்ச்சியடையேன்னா என்ன? தாழ்ந்து போகமாட்டேன்னா?" என்று கேட்டாள். இப்படிப் பழைய சொற்கள் வரும் இடத்தில் என்ன செய்வது? புதிய மொழிபெயர்ப்புக்கு மாறிவிடலாமா?


சுரமண்டலம் – செவ்வாய் இரவு

அந்தப் பிள்ளை கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. 'தாழ்ச்சி' என்பது இங்கே குறைவு. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கும். இரண்டையும் அவளுக்கு அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள், அவளே புரிந்துகொள்வாள்.

நம்மில் அநேகர் சபையில் வாசிப்பது 1871-இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு. அதன் ஓசையோடு வளர்ந்தவர்களிடமிருந்து அதைப் பிடுங்கக் கூடாது. மரணப் படுக்கையில் இருக்கிறவர்கள் வாயில் வருவது அந்த வரிகள்தான். அதே சமயம் 150 வருடத்தில் சொற்கள் நகர்ந்துவிட்டன. அப்போஸ்தலர் 20-இல் ஐத்திகு 'மூன்றாம் மெத்தையிலிருந்து' விழுந்தான் என்று வாசித்தால் இன்றைய பிள்ளைகள் படுக்கை மெத்தையை நினைக்கிறார்கள். அங்கே மெத்தை என்றால் மாடி. அது தெரியாவிட்டால் அவன் ஏன் செத்தான் என்பதே புரியாது. 'ஆயக்காரன்' என்றால் வரி வசூலிப்பவன், அதுவும் பாதிப் பேருக்குத் தெரியாது.

எங்கள் சபையில் ஒரு எளிய வழி வைத்திருக்கிறோம். வாசிப்பதற்கு முன்னால், "இன்றைய பகுதியில் ஆயக்காரன் என்று வரும், வரி வசூலிப்பவர் என்று அர்த்தம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வாசிப்போம். வாசிப்பின் நடுவில் நிறுத்தி விளக்குவதில்லை.


எம்மாவு வழி – புதன் காலை

கடுகுவிதை தம்பிக்கு, பாட்டியின் கேள்விக்கே நேராக வருகிறேன். அந்த வசனத்துக்கு முன்னால் என்ன வருகிறது?

மத்தேயு 18-இல் 12 முதல் 14 வரை, 100 ஆட்டில் ஒன்று சிதறிப்போவதும் அதைத் தேடிப் போவதும். 15-இல்: "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." அவன் கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்படியும் கேட்காவிட்டால் 'சபைக்குத் தெரியப்படுத்து'. நான்கு சுவிசேஷங்களிலும் 'சபை' என்பதற்கான கிரேக்கச் சொல் வருகிற இடம் மத்தேயு 16:18, அப்புறம் இந்த 18:17, அவ்வளவுதான். 16-ஆம் வசனத்தில் 'இரண்டு மூன்று சாட்சிகள்' வருகிறது, உபாகமம் 19:15-இன் சட்டம். அதற்குப் பின்னால்தான் நம் சுவர் வசனம், அதே இரண்டும் மூன்றும் எண்களோடு.

ஆக, அந்த வசனம் கூட்டம் குறைவாக இருப்பதற்கு ஆறுதலாகச் சொன்னது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான். பேச்சு முறிந்துபோன இரண்டு பேரை ஒப்புரவாக்க உட்காரும் அந்தக் கடினமான இடத்தில் நான் இருப்பேன் என்று ஆண்டவர் சொல்கிறார். அடுத்து உடனே பேதுரு, எத்தனைதரம் மன்னிக்க வேண்டும், ஏழுதரமா என்று கேட்கிறார். அவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது முந்தைய பகுதியோடு சேர்த்து வாசித்தால்தான் விளங்கும். அப்புறம் கடன்பட்டவன் உவமை. ராஜாவுக்கு அவன் பட்ட கடன் 10,000 தாலந்து. அவனுக்கு உடன் ஊழியக்காரன் பட்டது 100 வெள்ளிப்பணம். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அதாவது ஒருவன் தனக்கு மன்னிக்கப்பட்டதில் 6 லட்சத்தில் ஒரு பங்கை மன்னிக்க மறுக்கிறான். அந்த 100 நாள் கூலியும் சின்னத் தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். நமக்கு ஒருவர் செய்த குற்றம் அற்பமானது என்று ஆண்டவர் சொல்லவில்லை. உண்மையிலேயே வலிக்கிற கடன்தான் அது.

20 பேர் உள்ள சபையில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பெரிய சபையில் வேறு வரிசையில் உட்கார்ந்து ஒளிந்துகொள்ளலாம். இங்கே ஒளிய இடமில்லை. அதனால் மத்தேயு 18 நம்மைப்போன்ற சபைக்கென்றே எழுதப்பட்டது போல எனக்குத் தோன்றும்.

பகுதியைத் தேர்ந்தெடுப்பது பற்றி: நானாகத் தேர்ந்தெடுத்தால் எனக்குப் பிடித்த பத்துப் பகுதிகளையே சுற்றிச் சுற்றி வருவேன். ஆகவே ஒரு வாசகத் திட்டத்துக்கு என்னை ஒப்புக்கொடுப்பது நல்லது. உங்கள் திருச்சபைக்கு என்று ஒன்று இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பல சபைகள் பயன்படுத்தும் 1992-ஆம் ஆண்டின் பொதுத் திட்டம் மூன்று வருடச் சுற்று. முதல் வருடம் மத்தேயு, இரண்டாம் வருடம் மாற்கு, மூன்றாம் வருடம் லூக்கா. யோவான் பண்டிகைக் காலங்களிலும் இடையிடையேயும் வரும். ஒவ்வொரு ஞாயிறும் பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என்று நான்கு. அதிலும் குறை உண்டு. மத்தேயு 18:15 முதல் 20 ஒரு ஞாயிறு, 21 முதல் 35 அடுத்த ஞாயிறு என்று பிரித்திருக்கிறார்கள். 15-இல் தொடங்குவதால் காணாமற்போன ஆடு அந்த வாரம் வாசலுக்கு வெளியே நிற்கிறது. நான் எப்போதும் சில வசனம் முன்னால் போய் அதையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.


ஐந்தப்பம் – புதன் மதியம்

எம்மாவு வழி அண்ணன் எழுதியதை வாசித்தேன். ஆழமாக இருக்கிறது. ஆனால் என் கவலையே இதுதான். இதைச் சொல்ல உங்களுக்கு வாசிப்பு இருக்கிறது. தாலந்து என்றால் என்ன என்று தெரியாத ஒருவர் எழுந்து, தாலந்து என்றால் திறமை, 10,000 திறமை என்று விளக்கினால்? நான் என் காதால் அப்படிப்பட்ட விளக்கங்கள் கேட்டிருக்கிறேன். ஒரு சபையில், வியாதி பாவத்தினால் மட்டுமே வருகிறது என்று ஒரு சகோதரர் தியானம் கொடுத்தார். முன்னால் ஒரு தாய் தன் வியாதியுள்ள பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.


ஓய்வுபெற்ற உபதேசியார் – புதன் இரவு

சகோதரரே, நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று இப்போது புரிகிறது. அந்தத் தாயை யாராவது போய்ப் பார்த்தார்களா?

நான் எனக்கென்று வைத்திருந்த எல்லைகளைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று பீடத்திலிருந்தே சொல்வேன், போதகர் வரும்போது கேட்டுச் சொல்கிறேன் என்பேன். அப்படியே கேட்டும் சொல்வேன். பகுதியில் இல்லாததைச் சொல்லமாட்டேன். ஒருவர் துன்பத்துக்குக் காரணம் சொல்லமாட்டேன். யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டது. 10 நிமிடத்துக்குமேல் பேசியதில்லை. எழுதியதைச் சனிக்கிழமை என் மனைவிக்கு வாசித்துக் காட்டுவேன். "இது யாரையாவது காயப்படுத்துமா?" என்று கேட்பேன். பலமுறை அடித்து எழுதியிருக்கிறேன்.


ஐந்தப்பம் – புதன் இரவு

போகவில்லை ஐயா. நானும் போகவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அது உறைக்கிறது.


நான்காம் ஜாமம் – வியாழன் காலை

புதிதாக உள்ளே வருகிறேன். எங்கள் சபையில் வேறு முறை. பகுதியை வாசித்த பிறகு ஒருவர் பேசாமல் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். எந்த வார்த்தை உங்களைத் தொட்டது என்று ஒவ்வொருவரும் சொல்வோம். 15 பேருக்கு அது நன்றாக ஓடுகிறது. பேசாத பெண்கள்கூடப் பேசத் தொடங்கினார்கள்.


வாசகி – வியாழன் மதியம்

அது நல்ல முறை, ஆனால் ஒரு எச்சரிக்கை. நாங்களும் செய்தோம். மூன்றாவது மாதத்தில் இரண்டு பேர் மட்டும் பேசினார்கள், மீதிப் பேர் கேட்டார்கள். பிரசங்கம் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு ஆனது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு ஒழுங்கு வைத்தோம். முதல் சுற்றில் ஒரு வார்த்தையோ ஒரு சொற்றொடரோ மட்டும், விளக்கம் கூடாது. விரும்பாதவர் 'கடந்து போகிறேன்' என்று சொல்லலாம். இரண்டாவது வாசிப்புக்குப் பிறகு, விரும்பினால் இரண்டு மூன்று வாக்கியம். நடத்துகிறவர் கடைசியில்தான் பேசுவார். இப்போது பரவாயில்லை.


சுரமண்டலம் – வியாழன் இரவு

எல்லா ஞாயிறும் விளக்கம் வேண்டும் என்பதில்லை என்று சொல்ல வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சபையில் ஒரு வாலிபன் விபத்தில் இறந்துபோனான். அடுத்த ஞாயிறு அவன் தகப்பனார் வந்தார். அவன் எப்போதும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். அன்று வாசகத் திட்டத்தில் ஒரு துதியின் சங்கீதம் இருந்தது. நடத்த வேண்டியது நான். காலையில் வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் திட்டத்தை விட்டுவிட்டு 88-ஆம் சங்கீதத்தைத் திறந்தேன்.

150 சங்கீதங்களில் புலம்பல்தான் மற்ற எந்த வகையையும்விட அதிகம். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். 88 திரும்பாது. 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று தொடங்கும், அந்த ஒரு கூப்பிடுதலைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்று போய், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடும். அதை வாசித்தேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. பிறகு கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னோம். தகப்பனார் வாய் அசைந்ததைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

பல மாதம் கழித்து அவர் என்னிடம், "அன்றைக்கு யாராவது எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். இப்படி ஒன்று வேதத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது" என்றார். தேவனிடம் இப்படியும் பேசலாம் என்று வேதமே இடம் கொடுத்திருக்கிறது. அதை மறைத்து வைத்துவிட்டு மகிழ்ச்சியான வசனங்களை மட்டும் வாசிக்கிற சபை, அழுகிறவர்களை வெளியே நிறுத்துகிறது. இதை நான் மனதார நம்புகிறேன்.


எம்மாவு வழி – வெள்ளி காலை

சுரமண்டலம், இதற்குமேல் நான் ஒன்றும் எழுத முடியாது. நன்றி.


ஓய்வுபெற்ற உபதேசியார் – வெள்ளி இரவு

ஐந்தப்பம் சகோதரர் சொன்ன அந்தத் தாயையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரத்தசாட்சியான ஜஸ்டின், சுமார் 155-இல் ரோமாபுரியில் இருந்து, பேரரசர் அந்தோனினு பயசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் ஞாயிறு ஆராதனையில் என்ன நடக்கிறது என்று விவரிக்கிறார். பட்டணத்திலும் நாட்டுப்புறத்திலும் இருக்கிறவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இடம்கொடுக்கும்வரை வாசிக்கப்படுகின்றன. வாசிக்கிறவர் முடித்த பிறகு நடத்துகிறவர் புத்தி சொல்கிறார். எல்லாரும் எழுந்து ஜெபிக்கிறார்கள். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவரப்படுகின்றன, ஜனங்கள் ஆமென் என்கிறார்கள். அன்றைக்கு வரமுடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அவர்கள் பங்கைக் கொண்டுபோகிறார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருக்கிறவர்களுக்கும் போகிறது.

வராதவர்கள் ஆராதனையின் ஒழுங்குக்கு உள்ளேயே இருக்கிறார்கள், பாருங்கள். யார் வரவில்லை என்று கவனிப்பதும், அவர்களிடம் போவதும் ஆராதனையின் கடைசிப் பகுதி. திருவிருந்தைப் போதகர்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் அன்று வாசித்த பகுதியைக் கொண்டுபோய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் வாசிக்க யாரும் போகலாம். நான் ஞாயிறு மாலைகளில் அதைச் செய்தேன். காலையில் சபையில் வாசித்ததைவிட அங்கேதான் அந்தப் பகுதி எனக்கு அதிகம் புரிந்தது.


கடுகுவிதை – ஞாயிறு இரவு

எல்லாருக்கும் நன்றி சொல்லி முடியாது. இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இன்று மூத்த மூப்பரின் முறை. அவரிடம் போன வாரமே பேசி, நானே மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். சரி என்றார். எழுந்து நின்று, "போன மாதம் நான் ஒரு வசனத்தை மட்டும் வாசித்தேன். அதற்கு முன்னால் என்ன வருகிறது என்று நம் பாட்டி கேட்டார். இன்று அதை வாசிக்கிறேன்" என்றேன். மத்தேயு 18, 12 முதல் 20 வரை. வாரம் முழுக்கப் பழகியதால் முக்கால்வாசி புத்தகத்தைப் பார்க்கவே தேவைப்படவில்லை. வாசித்து முடித்து, வாசகி அக்கா சொன்னபடி ஐந்து எண்ணினேன். அதைவிட நீளமான ஐந்து என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

பிறகு 6 நிமிடம்தான் பேசினேன். காணாமற்போன ஆடு, தனித்திருக்கையில் போய்ப் பேசுவது, அந்த இடத்தில் ஆண்டவர் இருப்பது. அவ்வளவுதான்.

உட்காரப் போனபோது இளைய மூப்பர் பின்வரிசையிலிருந்து, "15-ஆம் வசனத்தை மறுபடி வாசிக்கிறீர்களா?" என்று கேட்டார். ஆராதனை நடுவில் இப்படி யாரும் எங்களிடம் கேட்டதில்லை. வாசித்தேன். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்ற இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் இரண்டு மூப்பர்களும் ஒன்றரை வருடமாக ஆராதனை சம்பந்தமான காரியங்களைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை. இதை இங்கே முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். எம்மாவு வழி அண்ணன் எழுதியபோது எனக்கு வியர்த்துவிட்டது. அவர்கள் இருவரையும் குறிவைத்து நான் பேசவில்லை, அது உங்களுக்குத் தெரியவேண்டும். உபதேசியார் ஐயா சொன்னபடி என் அக்காவிடம் வாசித்துக் காட்டி, அப்படி ஒலித்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டேன்.

இருவரும் பேசிவிட்டார்களா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஆலயத்தைப் பூட்ட வந்தேன். இருவருடைய செருப்பும் இன்னும் வாசலில் இருந்தன. நான் சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பாட்டியின் வீட்டுக்குப் போய் அந்தப் பகுதியை இன்னொரு முறை வாசித்தேன். கேட்டுவிட்டு, "இதுக்குப் பின்னாடி என்ன வருது?" என்றார். அடுத்த ஞாயிறு 21 முதல் 35. 'தாழ்ச்சி' கேட்ட அந்தப் பிள்ளை வாசிக்கிறாள், செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பகுதியைக் கொடுத்துவிடுவேன். வாசகி அக்கா, ராஜாவும் அந்த ஊழியக்காரனும் மாறி மாறிப் பேசுகிற இடத்தில் எங்கெல்லாம் மூச்சு விட வேண்டும் என்று கொஞ்சம் குறித்துக் கொடுக்க முடியுமா?


ஐந்தப்பம் – ஞாயிறு இரவு

அந்தத் தாயின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை நானும் என் மனைவியும் போகிறோம். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். என்ன வாசிப்பது என்று உபதேசியார் ஐயா சொல்ல வேண்டும், அல்லது ஒன்றும் வாசிக்காமல் இருக்க வேண்டுமா?


ஓய்வுபெற்ற உபதேசியார் – ஞாயிறு இரவு

முதல் தடவை புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் தம்பி. பிள்ளையின் பெயரைக் கேளுங்கள்.